எழுதியும் திருத்தியும் கற்பித்தும் ஆராய்ந்தும் வாழ முடியுமா?

கேள்வி: தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்டம் பெற்றவள். வயது 31. திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். இரண்டு பதிப்பகங்களுக்கு மெய்ப்பு (புரூஃப்) பார்த்துக் கொடுத்திருக்கிறேன். அவ்வப்போது கட்டுரையும் மொழிபெயர்ப்பும் உண்டு. கல்லூரியை விட்டுவிட்டு, எழுத்து, பதிப்பு, பாடம், ஆய்வு என்று நான்கையும் யாரிடமும் சம்பளத்துக்கு இல்லாமல் செய்து வாழ முடியுமா? வரும் ஜூனுக்குள் முடிவெடுக்க வேண்டும்.

பதில்:

முடியும். 2003இல் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவு வேலையை விட்டேன். அன்றிலிருந்து மதுரையில் இருந்தபடி நீங்கள் சொல்லும் அதே நான்கு வேலைகளைச் செய்துதான் குடும்பம் நடத்துகிறேன். வாடகை கொடுத்திருக்கிறேன், மகளைப் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்திருக்கிறேன். அதனால் முடியுமா என்பதற்கு நீண்ட விடை தேவையில்லை. உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. எழுதுவேன், திருத்துவேன், கற்பிப்பேன், ஆராய்வேன் என்கிறீர்கள். எதைப் பற்றி என்று சொல்லவே இல்லை.

நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். வந்ததையெல்லாம் வாங்கிக்கொண்டேன். சமையல் குறிப்பு, கல்லூரி ஆண்டு மலர், மருந்து நிறுவனத்தின் துண்டறிக்கை, ஒரு மடத்தின் வரலாறு. ஒவ்வொரு முறையும் பூஜ்ஜியத்திலிருந்து படித்து, முடித்ததும் மறந்து, அடுத்ததற்கு மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கினேன். கூலிக்குப் படித்த படிப்பு எதுவும் என்னிடம் தங்கவில்லை.

2005இல் சிவகங்கை மாவட்டக் கண்மாய்களைச் சீரமைப்பது பற்றிய ஓர் ஆங்கில அறிக்கையை விவசாயிகள் வாசிக்கும்படி தமிழாக்கித் தரச் சொன்னார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நேர்மையாகத்தான் உழைத்தேன். ‘ஸ்லூயிஸ்’ என்று வந்த இடமெல்லாம் மதகு என்றும், ‘சர்ப்ளஸ் வியர்’ என்பதை உபரிநீர் வழிந்தோடி என்றும் எழுதினேன். கிராமத்தில் அதை வாசித்துக் காட்டியபோது, கண்மாயில் தண்ணீர் திறந்துவிடும் பொறுப்பில் இருந்த நீர்பாய்ச்சி ஒருவர், பெரியவர், கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இது எந்த ஊர்க் கண்மாய் அம்மா?” என்றார். அவர் ஊரில் அது மடை. வழிந்தோடி என்று ஒன்று அங்கே கிடையாது, கலுங்குதான் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் போனால் கண்மாய் ஏரி ஆகிவிடும், மடை மதகு ஆகிவிடும், கலுங்கு கலங்கல் ஆகிவிடும். நான் எழுதிய தமிழ் இலக்கணப் பிழை இல்லாத தமிழ். ஆனால் அந்தக் கண்மாயைப் பார்த்த தமிழ் இல்லை.

நான்கு நாள் அந்த ஊரிலேயே தங்கி, வரத்துக்கால், உள்வாய், மடை, குமிழி, கலுங்கு, ஆயக்கட்டு என்று அவரிடம் கேட்டுக் கேட்டு ஒரு நோட்டில் எழுதினேன். 60 சொற்கள் சேர்ந்தன. என் தொழில் அந்த நோட்டில் தொடங்கியது என்று சொல்வேன். அறிக்கையைத் திருத்திக் கொடுத்தேன். அதைப் பார்த்த ஒரு பதிப்பகம் பாசன வரலாறு பற்றிய கையெழுத்துப் பிரதியை என்னிடம் அனுப்பியது. அந்தப் பிரதியில் குடிமராமத்து, அதாவது ஊரார் கூடிக் கண்மாயைப் பராமரிக்கும் வழக்கம், பற்றிய பகுதியில் ஆண்டுகள் குழம்பியிருந்தன. சரிபார்க்கச் சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். 1858ஆம் ஆண்டுச் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் எப்படிக் குடிமராமத்தோடு பிணைந்தது என்று அங்கே படித்ததை ஒரு கட்டுரையாக எழுதினேன். கட்டுரையைப் படித்த ஒரு கல்லூரி, மாணவர்களுக்கு மூன்று நாள் களப் பயிற்சி நடத்தக் கூப்பிட்டது. மாணவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து அடுத்த ஆய்வு பிறந்தது. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. என் ஆயுளுக்கு வேலை தீராது.

உ.வே.சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதில் என்னை ஈர்ப்பது ஏடு தேடிய அலைச்சலைவிட, கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் அமர்ந்து அவர்கள் சமயத்தைக் கேட்டுப் புரிந்துகொண்டதுதான். பாடம் சொல்லும் ஆசிரியர், பதிப்பாசிரியர், ஆராய்ச்சியாளர், உரைநடை எழுதுபவர் என்று நான்கும் அவரிடம் தனித்தனியாக இருக்கவில்லை. நான்கும் ஒரே நூலைச் சுற்றி நடந்தன. அவருக்குக் கல்லூரிச் சம்பளம் இருந்தது, நமக்கு இல்லை என்பது உண்மை. ஆனால் வேலை பின்னிக்கொள்ளும் விதம் அதுதான்.

ஆகவே முதலில் உங்கள் கண்மாயைக் கண்டுபிடியுங்கள். உங்கள் ஆய்வேட்டின் தலைப்பாகவே அது இருக்க வேண்டும் என்பதில்லை. திருநெல்வேலியில் இருக்கிறீர்கள். தாமிரபரணி, பத்தமடைப் பாய், சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையின் பள்ளிகள், பனைத் தொழில், நாட்டார் தெய்வங்கள் என்று எத்தனையோ இருக்கின்றன. அலுக்காமல் பத்து ஆண்டுகள் படிக்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பிற வேலைகள் வந்தால் மறுக்க வேண்டாம். வாடகைக்கு அவையும் வேண்டும். ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது அந்த ஒன்றுக்குப் போகட்டும்.

இனி ஒவ்வொன்றாக. பதிப்புப் பணியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். மாதா மாதம் பணம் வருவது அதில்தான், ஏமாறுவதும் அதில்தான்.

தமிழ்ப் பதிப்பகங்களில் பலர் மூன்று வேறு வேலைகளை ‘திருத்தம்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறார்கள். ஒன்று மெய்ப்பு. பக்கம் கட்டிய பிறகு மூலத்தோடு ஒப்பிட்டு, விட்டுப்போன வரி, தவறான பக்க எண், ஒற்றுப்பிழை ஆகியவற்றைப் பார்ப்பது. இரண்டாவது மொழிச் செம்மை. வாக்கியம் வாக்கியமாகப் போய், சந்தியும் ஒருமை பன்மையும் பெயர்களின் எழுத்துக்கூட்டலும் நூல் முழுவதும் ஒன்றுபோல் இருக்கச் செய்வது. மூன்றாவது பிரதியை மேம்படுத்துவது. ஐந்தாம் அத்தியாயம் இரண்டாவதாக வர வேண்டும், 40ஆம் பக்கத்தில் இறந்தவர் 112ஆம் பக்கத்தில் கடிதம் எழுதுகிறார், இந்த ஆண்டு தவறு என்று சொல்லும் வேலை. மெய்ப்புக்குரிய கூலியைப் பேசிவிட்டு மூன்றாவதை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை. வேறுபாடு அவர்களுக்கே தெரியாது. எதைச் செய்யப்போகிறேன், எதைச் செய்யமாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் நான் ஒரு நடைத்தாள் வைத்திருப்பேன். 1947இல் என்பதா 1947-ல் என்பதா, இராமநாதபுரமா ராமநாதபுரமா, கிரந்த எழுத்து எங்கே தங்கும், எண்ணை எப்போது எழுத்தில் எழுதுவது என்றெல்லாம் அதில் முடிவெடுத்து எழுத்தாளருக்கும் ஒரு படி அனுப்புவேன். ஐயம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பார்ப்பேன். 1992இல் வந்த முதல் பதிப்பு தேய்ந்து, இப்போது 2020ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பு மேசையில் இருக்கிறது. எழுத்தாளரிடம் வாதாடுவதைவிட, “இருவரும் ஒப்புக்கொண்ட தாளில் இப்படி இருக்கிறது” என்று காட்டுவது உறவைக் காப்பாற்றும்.

கணினிக் கோப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகளை ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தருவார்கள். தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் மூத்த எழுத்தாளர்கள் பலரின் கோப்புகள் இன்னும் பழைய எழுத்துருவில்தான் வருகின்றன. மாற்றும்போது ரகரம் இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் (ா) வந்து உட்காரும். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். ‘அரசு’ என்று தேடினால் பாதி இடங்கள் அகப்படாது. நூலின் கடைசியில் வரும் சொற்குறிப்பு அடைவு தயாரிக்கும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே கோப்பைப் பெற்றதும், உயிரெழுத்துக்குப் பின் துணைக்கால் வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். தமிழில் அப்படி ஒரு சேர்க்கை வரவே வராது.

கூலி எவ்வளவு கேட்பது? சந்தையில் என்ன கொடுக்கிறார்கள் என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று தொடங்குங்கள். எடுத்துக்காட்டாக, வீட்டுக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4,80,000. கணினி, இணையம், மருத்துவக் காப்பீடு, புத்தகம், பயணம் என்று ஒரு 60,000. மொத்தம் 5,40,000. ஒரு நாளில் எட்டு மணி நேரம் உழைத்தாலும், கூலி கிடைக்கும் நேரம் நான்கு மணிதான். மீதி நேரம் கடிதம், கணக்கு, படிப்பு, பணத்துக்காக நினைவூட்டல் என்று போய்விடும். ஆண்டுக்கு 240 நாள் என்றால் 960 மணி. வகுத்துப் பார்த்தால் மணிக்கு ஏறக்குறைய 560 ரூபாய். லேசான திருத்தத்தில் மணிக்கு எட்டுப் பக்கம் முடிக்க முடிந்தால் பக்கத்துக்கு 70 ரூபாய். வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டியிருந்து மணிக்கு மூன்று பக்கம்தான் நகர்கிறது என்றால் 187 ரூபாய்.

எந்தப் பிரதியையும் ஒப்புக்கொள்வதற்கு முன் நடுவிலிருந்து பத்துப் பக்கம் எடுத்து, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்திப் பாருங்கள். முதல் பத்துப் பக்கத்தை எடுக்க வேண்டாம். அதை எழுத்தாளர் பலமுறை செதுக்கியிருப்பார். சிறிய தமிழ்ப் பதிப்பகங்கள் பலவற்றால் 187 ரூபாய் தர முடியாது. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. சில நூறு படிகள் அச்சிடும் ஒரு நூலில் அந்தப் பணம் எங்கிருந்து வரும்? அதனால்தான் நான்கு வேலைகள். தொண்டு நிறுவன அறிக்கையின் மொழிபெயர்ப்பும் பயிற்சி வகுப்பும் தரும் பணத்தில், நான் விரும்பும் நல்ல நூலைக் குறைந்த கூலிக்குத் திருத்த முடிகிறது. அந்தக் குறைப்பு எனக்குத் தெரிந்து, நான் மனதாரச் செய்வதாக இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு நூல் என்று அளவு வைத்திருக்கிறேன்.

பதிப்புப் பணியை ஒட்டி இன்னொரு வாசல் உங்களைத் தேடி வரும். முனைவர் பட்டம் பெற்றவர் என்பதால் சீக்கிரமே வரும். ஆய்வேடு ‘எழுதித் தருவது’. நல்ல பணம், உடனடிப் பணம். தயவுசெய்து தொடாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினாலே நடவடிக்கை தொடங்குகிறது, 60ஐத் தாண்டினால் மாணவரின் பதிவே ரத்தாகும் என்பதெல்லாம் சட்டத்தின் பக்கம். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். அப்படிப் பட்டம் பெற்றவர் ஒரு வகுப்பறையில் போய் நிற்பார். நேர்மையாக ஐந்தாறு ஆண்டுகள் ஆய்வு செய்த உங்களைப் போன்ற ஒருவரின் இடம் அது. நாம் எழுதிக் கொடுத்த தாள் நமக்கே எதிராக நிற்கும்.

ஆய்வேட்டைத் திருத்தித் தருவது வேறு, அதை நான் செய்கிறேன். எழுத்துப்பிழை, சந்தி, வாக்கியத் தெளிவு, அடிக்குறிப்புகளின் ஒழுங்கு வரை என் வேலை. வாதம் எங்கே தளர்கிறது என்று ஓரத்தில் கேள்வியாக எழுதுவேன், விடையை எழுதமாட்டேன். நெறியாளருக்குத் தெரியும் என்று மாணவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வேன். முன்னுரையில் திருத்தியவர் பெயரையும் குறிப்பிடச் சொல்வேன். இந்த நிபந்தனைகளைக் கேட்டதும் பத்துக்கு ஆறு பேர் திரும்பி வருவதில்லை. மீதி நான்கு பேரில் சிலர் இன்றும் எனக்கு வேலை அனுப்புகிறார்கள்.

பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று வரையறுத்தது. கைக்கு எவ்வளவு வருகிறது என்பதை நீங்கள் அனுபவித்துக்கொண்டிருக்கிறீர்கள். வெளியே வந்த பிறகு பாடத்திட்டம் முழுவதையும் நடத்தும் வேலையைத் தேடாதீர்கள். இரண்டு நாள், மூன்று நாள் பயிற்சியாக வகுத்துக்கொள்ளுங்கள். இதழியல் மாணவர்களுக்குத் தமிழ் நடை, வழக்கறிஞர்களுக்குத் தமிழில் மனு எழுதுவது, மருத்துவமனைக்கு நோயாளிகள் படிக்கும் குறிப்பு எழுதுவது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயிற்சித் தாள்கள் உங்களுடையவை என்று ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். பின்னாளில் அவையே நூலாகலாம்.

ஆய்வில் கூலி என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். ஆனால் வேலை இருக்கிறது. நூற்றாண்டு கொண்டாடும் பள்ளிகள், பழைய வணிகக் குடும்பங்கள், ஆவணப்பட இயக்குநர்கள், அருங்காட்சியகங்கள், வெளிநாட்டுப் பேராசிரியர்கள் ஆகியோருக்கெல்லாம் தமிழ்நாட்டில் கோப்புகளைத் தேடிப் படித்துக் குறிப்பெடுத்துத் தர ஆள் வேண்டும். இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் எழும்பூர். நிலையத்துக்கு அருகிலேயே காந்தி இர்வின் சாலையில் 1909ஆம் ஆண்டுக் கட்டடத்தில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், கொஞ்சம் தள்ளிப் பாந்தியன் சாலையில் கன்னிமாரா நூலகம். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். 19ஆம் நூற்றாண்டு அச்சுத் தமிழுக்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. புதுச்சேரியில் 1955 முதல் பிரெஞ்சு நிறுவனம். நிறுவன முகவரி இல்லாதவர்களுக்கு அறிமுகக் கடிதம்தான் முதல் தடை. வேலை கொடுத்தவரிடம் அவர்களின் முகப்புத்தாளில் ஒரு கடிதம் வாங்கி, நான்கு நகல்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்குக் கூலி நாள் கணக்கில்தான் பேச வேண்டும். கிடைத்த ஆவணத்துக்கு இவ்வளவு என்று பேசினால் நீங்களே கெட்டுப்போவீர்கள். ஏதாவது கிடைத்தே ஆக வேண்டும் என்று தோன்றிவிடும். ஆறு நாள் தேடினேன், இந்த இந்த ஆவணக் கட்டுகளைப் பார்த்தேன், இல்லை என்று எழுதிக் கொடுப்பதும் முழுக் கூலிக்குரிய விடை. எந்தக் கட்டு, எந்த எண், எந்தத் தேதி என்று பார்த்தவற்றின் பட்டியலை ஒவ்வொரு மாலையும் எழுதிவிடுங்கள். அது உங்கள் உழைப்புக்குச் சான்று. பத்து ஆண்டுகள் கழித்து அதே பட்டியல் உங்களுக்கே வழிகாட்டும்.

எழுத்தைக் கடைசியில் வைத்தது ஆசை குறைவதால் இல்லை. நான்கில் எனக்கு உயிர் அதுதான். ஆனால் தமிழில் கட்டுரையும் நூலும் எழுதி மாத வாடகை கட்டலாம் என்று உங்களிடம் சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று பொருள். எழுத்து பிற மூன்றுக்கும் முகவரியாக நிற்கிறது. உங்களைத் தெரியாதவர்கள் உங்களைத் தேடி வருவது உங்கள் கட்டுரை வழியாகத்தான். ஆகவே காலையின் முதல் ஒன்றரை மணி நேரத்தை அதற்கு ஒதுக்குங்கள். திருத்தம் மதியத்துக்கும் தாங்கும், எழுத்து தாங்காது.

இந்தத் தொழிலுக்கு ஒரு பருவம் உண்டு. அதை அறியாமல்தான் நான் முதல் ஆண்டு தவித்தேன். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி என்பதால் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை பதிப்பகங்களின் வேலை வெள்ளமாக வரும். டிசம்பர் நடுவில் தூக்கம் இருக்காது. பிப்ரவரி, மார்ச்சில் பதிப்பகங்கள் ஓய்ந்துவிடும். ஆனால் மார்ச் 31 கணக்கு முடிவதால் தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் அப்போது குவியும். ஏப்ரல், மே பயிற்சிகளுக்கு. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறட்சி. நான் அந்த மூன்று மாதத்தை ஆவணக் காப்பகத்துக்கும் என் நூலுக்கும் வைத்திருக்கிறேன். பணம் இந்தப் பருவத்துக்கு மூன்று மாதம் பின்னால் வரும். டிசம்பரில் முடித்த வேலைக்கு மார்ச்சில் கையில் காசு. ஆறு மாதச் செலவுக்குப் பணம் வங்கியில் இல்லாமல் இறங்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

வராத பணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒருமுறை 140 பக்க அறிக்கை ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். பதினொரு மாதம் ‘இந்த வாரம்’ என்றார்கள். பிறகு அந்தத் திட்டமே முடிந்துவிட்டது, கோப்பு மூடப்பட்டுவிட்டது என்றார்கள். அன்றிலிருந்து எந்த வேலையும் மூன்று தவணை. தொடங்கும்போது மூன்றில் ஒரு பங்கு, பாதி கொடுக்கும்போது ஒரு பங்கு, முடித்துக் கொடுத்த 15 நாளில் மீதி. ‘நூல் வெளியானதும்’ என்ற சொல் ஒப்பந்தத்தில் வரவே கூடாது. நூல் எப்போது வெளியாகும் என்பது நம் கையில் இல்லை.

பலருக்குத் தெரியாத ஒரு வழியும் இருக்கிறது. மத்திய அரசின் உத்யம் இணையதளத்தில் ஆதாரும் பான் எண்ணும் கொடுத்து, கட்டணம் இல்லாமல், உங்களைச் சேவை தரும் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, எழுத்தில் கெடு பேசியிருந்தால் அதிகபட்சம் 45 நாளில், பேசவில்லை என்றால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி. நான் ஒருமுறைகூட வழக்குக்குப் போனதில்லை. கூலிக்கான பட்டியலின் (பில்) அடியில் பதிவு எண்ணையும் இந்தக் கெடுவைச் சொல்லும் ஒரு வரியையும் அச்சிட ஆரம்பித்த பிறகு நினைவூட்டல் கடிதங்கள் குறைந்தன.

உரிமை விஷயத்தில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு வேலை செய்பவர் எழுதினால் முதல் உரிமை முதலாளிக்கு. நம்மைப் போல் தனியாகச் செய்பவர் எழுதினால், வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமை எழுதியவருக்கே. அரசுக்காக எழுதுவது இதற்கு விலக்கு. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டமே பொருள்கொள்ளும். மொழிபெயர்ப்புக்கும் தனி உரிமை உண்டு. அட்டையிலோ உள்பக்கத்திலோ மொழிபெயர்ப்பாளர் பெயர் வர வேண்டும் என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

வரிக்குத் தணிக்கையாளரைப் பாருங்கள். நான் சொல்லக்கூடியது மூன்று. ஒரு நிறுவனம் ஆண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தொழில்முறைக் கட்டணம் தந்தால் 10 விழுக்காட்டை வருமான வரியாகப் பிடித்துக்கொள்ளும். வருமானம் வரி வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து அதைத் திரும்பப் பெறலாம். சிறுதொகை என்று விட்டுவிடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை சரக்கு, சேவை வரிப் பதிவு தேவையில்லை. வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்று நண்பர்கள் சொல்வார்கள். அந்தச் சலுகை குறிப்பிட்ட சில தொழில்களுக்கானது. திரைக்கதை, வசனம் எழுதுபவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், புத்தகம் எழுதுபவரும் திருத்துபவரும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை.

கணினி மொழிபெயர்ப்பு வந்துவிட்டதே, இனி நமக்கு வேலை இருக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இப்போது சிலர் கணினி மொழிபெயர்த்த கோப்பை அனுப்பிப் பாதிக் கூலிக்குச் சரிசெய்யச் சொல்கிறார்கள். போன ஆண்டு வந்த ஒரு கோப்பில் கண்மாயைக் குறிக்கும் ‘டேங்க்’ எல்லாம் தொட்டியாகியிருந்தது. தொட்டியின் கரையில் மரம் நட வேண்டும், தொட்டியில் மீன்பிடி ஏலம் விட வேண்டும் என்று பக்கம் பக்கமாக. வாக்கியங்கள் வழுக்கிக்கொண்டு போகின்றன, படிப்பவர் தடுக்கி விழுவதில்லை. அதுதான் ஆபத்து. பத்துப் பக்கச் சோதனையைச் செய்தேன். மணிக்கு நான்கு பக்கம்தான் நகர்ந்தது. என் மணிக் கூலியை அதற்கே கணக்கிட்டுச் சொன்னேன், ஒப்புக்கொண்டார்கள். தொட்டி தவறு என்று காட்ட ஒரு கண்மாயைப் பார்த்தவர் வேண்டியிருந்தது.

இனி உங்கள் ஜூன். கல்லூரியை இந்த ஜூனில் விடாதீர்கள். சொன்னேன், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இந்தத் தொழிலில் வறட்சி. வெளியே வந்து முதல் மூன்று மாதம் வேலையே வராமல் இருந்தால் உங்கள் திறமைமேல் உங்களுக்கே ஐயம் வந்துவிடும். இன்னும் ஓர் ஆண்டு இருங்கள். செப்டம்பரில் இரண்டு பதிப்பகங்களுக்கும் கடிதம் எழுதி, மெய்ப்போடு மொழிச் செம்மையும் செய்வேன் என்று சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு நூல் வாங்குங்கள். பயிற்சிக்கு நூல் வேண்டுமானால் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல் ஒன்றை எடுத்து, பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எழுத்தாளர் கோபித்துக்கொள்ளமாட்டார், உரிமைச் சிக்கலும் இல்லை. ஒரு மாதம் செய்தால் கை தேறிவிடும். கல்லூரி விடுமுறையில் ஒரு வாரம் எழும்பூரிலும் தரமணியிலும் உட்காருங்கள். அடுத்த மார்ச்சில் நான்கு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். எத்தனை மணி, எவ்வளவு வரவு, எது வர வேண்டியிருக்கிறது. ஆறு மாதச் செலவும் சேர்ந்திருந்தால், அந்தக் கல்வியாண்டு முடிந்ததும் ராஜினாமாக் கடிதம் கொடுங்கள்.

அதற்கு முன், இந்த வாரமே, உங்கள் பொருள் எது என்று எனக்கு எழுதுங்கள். அது தாமிரபரணியாக இருந்தால், என் 60 சொல் நோட்டு இப்போது 900 சொல்லாக வளர்ந்திருக்கிறது. ஒரு படி அனுப்பிவைக்கிறேன். உங்கள் பக்கத்துக் குளங்களில் மடைக்கும் கலுங்குக்கும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்புங்கள்.